தாங்குவது யார் கடமை?

‘சுனாமிக்குச் சாதி கிடையாது’ என்று 2004 டிசம்பர் கடைசி வாரத்தில் எல்லாரும் சொன்னார்கள். டிவியில் சொன்னார்கள், மேடையில் சொன்னார்கள், டீக்கடையிலும் சொன்னார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. அந்த நாட்களில்தான் நாகப்பட்டினத்தில் அழுகிப்போன பிணங்களைத் தூக்க வெளியூர் நகராட்சிகளிலிருந்து துப்புரவுத் தொழிலாளர்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். அவர்கள் எந்தத் தெருக்காரர்கள் என்று யாரும் கேட்கவில்லை. கேட்காமலே எல்லாருக்கும் தெரியும். நிவாரண முகாம்களில் தலித்துகளைத் தனியே ஒதுக்கியதையும், குடிதண்ணீரைத் தொடவிடாமல் தடுத்ததையும் பத்திரிகைகளும் மனித உரிமை அமைப்புகளும் அப்போதே எழுதிவைத்தன.

செத்தவர்களில் பெரும்பாலோர் மீனவ மக்கள். தமிழ்நாட்டில் ஏறக்குறைய 8,000 பேர். அதில் 6,000 பேருக்குமேல் நாகை மாவட்டத்தில் மட்டும். அந்தச் சாவுக்கு முன்னால் நின்று யாருடைய துக்கம் பெரிது என்று வழக்காட வரவில்லை. நிவாரணத்தில் நடந்த சாதி பற்றியும் நம்மவர்கள் நிறைய எழுதியாகிவிட்டது. நான் கேட்க நினைப்பது அதற்கும் முந்தைய ஒரு கேள்வி.

இருபது வருடம் கழித்து இப்போது பேச்சு மாறியிருக்கிறது. கடலோரத்தில் கல்லைக் கொட்டிச் சுவர் எழுப்பினால் போதாது; மணல்மேடு, அலையாத்திக் காடு, கழிமுகம், ஏரி இதெல்லாம்தான் உண்மையான அரண்; இவற்றைக் காப்பாற்றினால் அடுத்த பேரலையையும் புயலையும் நகரம் தாங்கும் என்கிறார்கள். அறிக்கைகளில் இதற்குத் ‘தாங்குதிறன்’ என்று பெயர். ‘மீள்திறன்’ என்றும் எழுதுகிறார்கள். சொல்வது சரிதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ‘தாங்கும்’ என்கிற சொல்லைக் கேட்டதும் சேரியில் பிறந்தவனுக்கு உடம்பு கொஞ்சம் உஷாராகிறது. யார் தாங்குவது? யாருக்காக? யாரைக் கேட்டு?

1

எண்ணூரிலிருந்து வடக்கே பழவேற்காடு வரை ஒருமுறை நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், கடலுக்கும் ஊருக்கும் நடுவே பல அடுக்குகள். முதலில் மணல்மேடு. அடும்பங்கொடியும் இராவணன் மீசைப் புல்லும் பின்னிப் பிடித்துக்கொண்டிருக்கிற மணல். அதற்குப் பின்னால் பக்கிங்காம் கால்வாய், கொசத்தலையாற்றின் கழிமுகம், உப்பங்கழி, சேற்றுத் திட்டு, அங்கங்கே கண்டல் மரங்கள். இன்னும் வடக்கே போனால் ஆரணியாறு வந்து கலக்கிற பழவேற்காட்டு ஏரி. இந்தியாவிலேயே இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. மேற்கே உப்பளம், வயல், தாங்கல், ஏரிக்கரை. அதற்கும் அப்பால் கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் இரும்பாலைப் புகை.

இந்த நிலம் இரண்டு பக்கமும் அடி வாங்குகிற நிலம். கிழக்கே கடல் ஏறினால் மேடு முதலில் மோதும். மிச்சத் தண்ணீரைக் கழிமுகம் வாங்கி அகலப் பரப்பி வேகத்தைக் குறைக்கும். மேற்கே பெருமழை பெய்து ஆறு பெருகி வந்தால் அதே கழிமுகம் அதை வாங்கிக் கடலுக்கு அனுப்பும். மணல்மேடு அலையை எப்படி நிறுத்துகிறது? தன் மணலைப் பறிகொடுத்துத்தான் நிறுத்துகிறது. பறிகொடுத்த மணல் அடுத்தடுத்த பருவத்தில் திரும்பி வந்து சேர இடமும் காலமும் விட்டால் மேடு மறுபடி எழும்பும். விடாவிட்டால் ஒருமுறை தாங்கியதோடு சரி.

அந்த இடமும் காலமும் இங்கே விடப்படவில்லை. கிழக்குக் கரையில் மணல் தெற்கிலிருந்து வடக்காக நகர்ந்துகொண்டே இருக்கும். நடுவில் துறைமுகச் சுவரை நீட்டினால் தெற்குப் பக்கம் மணல் குவியும், வடக்குப் பக்கம் கரை அரிக்கும். சென்னைத் துறைமுகம் வந்தபின் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கரை கரைந்தது. 2001இல் எண்ணூர்த் துறைமுகம் திறந்தார்கள். பத்துப் பன்னிரண்டு வருடத்தில் பக்கத்திலேயே காட்டுப்பள்ளி. அனல்மின் நிலையச் சாம்பல் குழாய் உடைந்து உடைந்து கழிமுகத்தில் படிந்து, படகு போன இடத்தில் இப்போது ஆள் நடந்து போகலாம். ‘தாங்குதிறன்’ பேசுகிற அரசுதான் தாங்குவதைத் தூர்த்தும் வைத்திருக்கிறது.

2

அலையாத்திக் காடுகள் உயிரைக் காத்தன என்பதற்குக் கடலூர் மாவட்டத்தைத்தான் உலகம் உதாரணம் காட்டுகிறது. பிச்சாவரத்தை ஒட்டிய கரையில் மரங்களுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு என்று 2005இல் ‘சயின்ஸ்’ இதழில் ஓர் ஆய்வு வந்தது. அதே மாவட்டத்துக் கரைக் கிராமங்களைப் பற்றி வந்த இன்னோர் ஆய்வின் எண்களை வேறு சிலர் 2006இல் மறுபடி போட்டுப் பார்த்து, மரத்தைவிடப் பெரிய காரணம் இரண்டு என்றார்கள்: ஊர் கடலிலிருந்து எவ்வளவு தூரம், எவ்வளவு உயரம்.

இந்தச் சண்டையில் யார் பக்கம் சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் விஞ்ஞானி அல்ல. மரம் கொஞ்சம் காத்திருக்கும், மேடு கொஞ்சம் காத்திருக்கும். ஆனால் தூரம், உயரம் என்ற இரண்டு சொல்லையும் படித்தபோது நமக்குத் தெரிந்த பழைய விஷயத்தை யாரோ புள்ளிவிவரமாகச் சொல்வதுபோல இருந்தது. பழைய செங்கல்பட்டு ஜில்லாவில், அதாவது இன்றைய திருவள்ளூரையும் சேர்த்து, எத்தனை கிராமத்தில் ஊர் மேட்டிலும் சேரி பள்ளத்திலும் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ஏரி உடைந்தால் தண்ணீர் எந்தத் தெருவுக்கு முதலில் வரும்? வடிகாலுக்குப் பக்கத்தில் யார் வீடு? உயரம் இயற்கை தந்தது. அந்த உயரத்தில் யார் வீடு கட்டலாம் என்பதை இயற்கை தீர்மானிக்கவில்லை.

ஆகவே ‘இயற்கை அரண்’ என்பதில் பாதிதான் இயற்கை. அந்த அரணுக்கு முன்னால் யார், பின்னால் யார், அரணாகவே வைக்கப்பட்டிருப்பவர் யார் என்கிற மீதிப் பாதி சாதி.

3

பக்கிங்காம் கால்வாயை எடுத்துக்கொள்வோம். ஆந்திரக் கரையில் அலைத்தண்ணீரை இந்தக் கால்வாய் வாங்கிக்கொண்டதால் ஜனங்கள் பிழைத்தார்கள் என்று 2005இல் ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் எழுதினார்கள். நம்ம பக்கமும் அப்படிச் சொல்லுகிறவர்கள் உண்டு. நல்லது. அந்தக் கால்வாய் எங்கிருந்து வந்தது?

1806இல் சென்னையிலிருந்து எண்ணூர் வரை உப்பும் விறகும் ஏற்றிப்போக வெட்ட ஆரம்பித்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நீண்டு இன்று ஆந்திரத்தில் 257 கி.மீ., தமிழ்நாட்டில் 163 கி.மீ. சென்னைக்குள் அடையாற்றையும் கூவத்தையும் சேர்க்கிற துண்டு 1877–78இல், தாது வருஷப் பஞ்சத்தில், பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. அப்போது கவர்னராக இருந்த பிரபுவின் பெயர்தான் பக்கிங்காம். வெட்டினவன் பெயர் எந்த ஏட்டிலும் கிடையாது. நாள் முழுக்க மண் சுமந்தவனுக்கு ஒரு பவுண்டு தானியமும் சில்லறைக் காசும் போதும் என்று அந்தக் காலத்தில் சர் ரிச்சர்டு டெம்பிள் அளந்தார். அது சாவுக்கூலி என்று மதராஸின் சுகாதார அதிகாரி கார்னிஷ் எதிர்த்து எழுதினார். பஞ்சத்தில் முதலில் விழுந்தவர்கள் நிலமில்லாத பண்ணைக்கூலிகள். செங்கல்பட்டு ஜில்லாவில் பண்ணைக்கூலி என்றால் யார் என்பதை இந்த இதழின் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

பசியோடு வெட்டப்பட்ட அந்தப் பள்ளமும் இன்று ‘நீர்நிலை’, ‘சூழல்’, ‘இயற்கை’ என்ற பெயர்களுக்குள் போய்ச் சேர்ந்துவிட்டது. உழைப்பு பழசானால் இயற்கையாகிவிடும் போலிருக்கிறது. ஏரிக்கரை மேல் எத்தனை தலைமுறையின் மண்கூடை இருக்கிறது? மதகு திறக்கவும் மடை பார்க்கவும் ராத்திரியில் காவல் கிடக்கவும் போன நீர்க்கட்டியும் தோட்டியும் வெட்டியானும் யார்? நிலம் தானாகத் தாங்கவில்லை. நிலத்தைத் தாங்கும்படி வைத்திருந்த கைகள் இருந்தன.

4

இந்தக் கைகள் ஏன் கணக்கில் வரவில்லை? தமிழ் படித்தவன் என்ற முறையில் இதற்கு நம் இலக்கணத்திலேயே ஒரு தடயம் பார்க்கிறேன். திணை என்றால் நிலமும் பொழுதும் முதற்பொருள். அடுத்தது கருப்பொருள்: தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ். ஐந்து நிலத்துக்கும் பறை உண்டு. அடிக்கிறவன் யார், அவன் எங்கே குடியிருந்தான் என்பதற்குத் தொல்காப்பியப் பட்டியலில் தனி இடமில்லை. கருவி கணக்கில் இருக்கிறது, ஆள் இல்லை.

கடல்கோள் கதையையும் பாருங்கள். தமிழனுக்குப் பேரலையின் ஞாபகம் பழசு. கடல் புகாரைக் கொண்டதை மணிமேகலை சொல்கிறது. முதற்சங்கத்தில் பாடியவர் 4,449 பேர் என்று இறையனார் களவியல் உரை கணக்குச் சொல்கிறது. கபாடபுரத்தைக் கடல் கொண்டது என்றும் சொல்கிறது. அந்த எண்ணிக்கை சரித்திரமா கதையா என்பது இருக்கட்டும். எதை இழப்பாகக் கருதினார்கள் என்பதுதான் கவனிக்க வேண்டியது. நூல் போனது, ராஜா போனான், சங்கம் போனது. உப்பு அள்ளினவன் எத்தனை பேர் போனான்? பிற்காலத்தில் குமரிக்கண்டம் பேசிக் கண்ணீர் விட்டவர்களும் அதைக் கேட்கவில்லை.

நிவாரணப் பட்டியலும் இதே இலக்கணத்தில்தான் எழுதப்படுகிறது. 2004க்குப் பிறகு படகு போனவனுக்கு ஒரு தொகை, வலை போனவனுக்கு ஒரு தொகை. அந்தப் படகில் கூலிக்குப் போனவன், கரையில் மீன் தூக்கினவள், உப்பளத்தில் கூலி பார்த்தவள், உப்பேறிப்போன வயலில் நடவு நட்டவள் எல்லாம் என்ன இழந்தார்கள்? ரசீது இல்லை, பட்டா இல்லை; ஆகவே இழப்பும் இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் மணலி எண்ணெய் ஆலைப் பக்கமிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர்க் கழிமுகத்தில் இறங்கியதே, அப்போதும் அறிவிப்பு இப்படித்தான் வந்தது: 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய், 787 படகுகளுக்குத் தலா 10,000. படகுக்குத் தனிக் கணக்கு உண்டு. இந்தக் கழிமுகத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் உட்கார்ந்தும் தவழ்ந்தும், பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றில் கை துழாவி இறால் பிடிக்கிற இருளர் பெண்ணுக்குத் தொழில் கருவி அவள் பத்து விரல். விரலுக்கு எந்தப் பட்டியலில் தொகை எழுதுவார்கள்?

நிலத்தின் கதையும் அதேதான். மணல்மேட்டுக்கும் சேற்றுத் திட்டுக்கும் வருவாய்த்துறை வைத்த பெயர் புறம்போக்கு. தீர்வை வராத நிலம், கணக்குக்கு வெளியே போன நிலம். வடசென்னையில் அதே சொல் மனிதனைத் திட்டுவதற்கும் ஆகிறது. 2017இல் ஒரு கர்நாடக சங்கீதப் பாடகர் எண்ணூரில் நின்று புறம்போக்கைப் பாடியபோது நாடே கேட்டது. நல்ல காரியம்தான், குறை சொல்லவில்லை. நம்ம ஜனங்களுக்கு அந்தச் சொல்லின் அர்த்தம் பாட்டு வருவதற்கு முன்பே முதுகில் எழுதியிருந்தது. அதே ஆண்டில்தான், எண்ணூர்க் கழிமுகமே இல்லாத ஒரு கடற்கரை வரைபடத்தை அதிகாரிகள் கையில் வைத்திருந்ததைச் செயல்பாட்டாளர்கள் வெளியே கொண்டுவந்தார்கள். 1996இல் ஒப்புதல் பெற்ற வரைபடத்தில் பாதுகாக்கப்பட்ட நீர்ப்பரப்பாக இருந்தது, இதில் காகிதத்திலேயே வற்றிப்போயிருந்தது. ஓர் ஆற்றையே இல்லை என்று எழுத முடிகிறவனுக்கு அதன் கரையில் இருக்கிற நாலு குடிசையை இல்லை என்று எழுத எவ்வளவு நேரமாகும்?

அபாயம் என்கிற சொல்லும் ஆளைப் பார்த்துத்தான் பேசுகிறது. 2005 மார்ச்சில் வந்த 172ஆம் எண் அரசாணை, கடலேற்றக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் இருக்கிறவர்கள் பழைய இடத்தை விட்டுக்கொடுத்துவிட்டு உள்ளே போனால் புது வீடு என்றது. இலங்கையிலும் அப்போது 100 மீட்டர், 200 மீட்டர் என்று கோடு கிழித்தார்கள். சுற்றுலா ஓட்டல்களுக்குக் கோடு வளைந்து கொடுத்தது. இங்கே 2019இல் வந்த கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை, ஜனநெருக்கமுள்ள கிராமப்புறக் கரைகளில் 200 மீட்டரை 50 மீட்டராகக் குறைத்துவிட்டது. காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 6,110 ஏக்கருக்கு விரிக்கத் திட்டம் போட்டார்கள். எதிர்ப்புக்கு நடுவே 2021 ஜனவரியிலும் 2023 செப்டம்பரிலும் மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் தள்ளிவைக்கப்பட்டது. குடிசைக்கு அபாயமாகத் தெரிகிற அதே மணல் கம்பெனிக்கு வளர்ச்சியாகத் தெரிகிறது.

5

இதுவரை அரசையும் கம்பெனியையும் சொன்னேன். இத்தோடு நிறுத்தினால் பாதி உண்மைதான். இயற்கையை நேசிக்கிற நண்பர்கள் பலர், ‘இதையெல்லாம் சமூகத்திடம் கொடுத்துவிடுங்கள், அவர்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்தவர்கள்’ என்கிறார்கள். எந்தச் சமூகத்திடம்?

பழவேற்காட்டு ஏரியில் ‘பாடு’ என்றொரு ஏற்பாடு இருக்கிறது. நல்ல இறால் கிடைக்கிற இடங்களைப் பிரித்து, சீட்டுப் போட்டு, இன்று உனக்கு நாளை எனக்கு என்று முறை வைத்து வலை கட்டுவது. ஏரியை யாரும் ஒரேயடியாக அரித்து எடுத்துவிடாதபடி காக்கிற அருமையான முறை என்று ஆய்வாளர்கள் எழுதுகிறார்கள். அது பொய்யில்லை. ஆனால் பாட்டில் இடம் பட்டினவர் கிராமங்களுக்கு. பிற்பாடு ஏரியில் இறங்கிய தலித்துகளும், கையால் இறால் தடவுகிற இருளர்களும் அந்த முறைக்கு வெளியே. தண்ணீரில் கூட ஊர் உண்டு, சேரி உண்டு. மகாத் குளத்தில் 1927இல் அம்பேத்கர் இறங்கியது எதற்காகவோ, அந்தக் கணக்கு நம் ஏரிகளில் இன்னும் தீரவில்லை.

மரத்தைப் புனிதமாக்குவதும் மனிதனைக் காப்பாற்றிவிடாது. பிச்சாவரத்துச் சேற்றில் வளர்கிற தில்லை மரத்தின் பெயர்தான் சிதம்பரத்துக்கும். மரம் தலவிருட்சமாகிக் கும்பிடு வாங்குகிறது. அதே தில்லைக்குப் போக ஆசைப்பட்ட புலையர் நந்தனைத் தீயில் இறக்கித்தான் உள்ளே விட்டதாகப் பெரியபுராணம் சொல்கிறது. இயற்கையை வணங்கத் தெரிந்த சமூகத்துக்கு மனிதனைத் தொடத் தெரியவில்லை.

‘தலித்துகளும் பழங்குடிகளும் இயற்கையின் குழந்தைகள், இயற்கையின் காவலர்கள்’ என்று நம்மைத் தூக்கிவைப்பதிலும் எனக்குச் சம்மதமில்லை. கிராமத்தைப் பற்றிய கனவுகளை 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் உடைத்தார். இது அதே கனவின் பச்சைச் சாயம் பூசின பதிப்பு. காவலுக்குக் கூலி உண்டா, நிலத்தில் பங்கு உண்டா என்று கேட்காதவரை காவலன் என்ற பட்டம் நமக்கு வேண்டாம். ஊர்க்காவல், களக்காவல், பிணக்காவல் எல்லாம் பார்த்தவர்கள் நாம்.

6

இப்போது முதலில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். தாங்குவது நல்ல குணமா?

வள்ளுவர் பொறையுடைமைக்கு உதாரணமாக நிலத்தைத்தான் சொன்னார். தன்னை வெட்டுகிறவனையும் சுமந்து நிற்கிறதாம் நிலம். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தபோது அழகாக இருந்தது. வெட்டுகிற கையும் வெட்டுப்படுகிற நிலமும் இரண்டுமே தாங்கிக்கொண்டிருக்க, இரண்டின் மேலும் ஒருவன் நிற்கிறானே, அவனைப் பற்றி அந்த உதாரணத்தில் பேச்சில்லை. புருஷ சூக்தம் இன்னும் வெளிப்படை. புருஷனின் பாதத்திலிருந்து சூத்திரன் பிறந்தான் என்று எல்லாருக்கும் தெரியும். அதே பாட்டில் அதே பாதத்திலிருந்துதான் பூமியும் பிறக்கிறது. மிதிபடுவதற்கென்று ஒரு மண், மிதிபடுவதற்கென்று ஒரு மனிதன், இருவருக்கும் ஒரே பிறப்பிடம். நாம் அந்தப் பாதத்துக்கும் வெளியே. சாதி என்பதை இப்படியும் சொல்லலாம்: சிலரை மற்றவர்களுக்கு நிலமாக்கி வைப்பது.

ஆகையால் ‘அந்த ஜனங்களுக்கு இதெல்லாம் பழக்கம், தாங்கிக்குவாங்க’ என்று ஒரு அதிகாரி சொன்னாலும், ‘எத்தனை முறை விழுந்தாலும் எழுகிற மக்கள்’ என்று ஒரு கவிஞர் சொன்னாலும் விளைவு ஒன்றுதான். கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் பாராட்டிவிட்டுப் போவது. 2023இல் அந்த எண்ணெயைக் கழிமுகத்து ஜனங்கள் பக்கெட்டாலும் மக்காலும் அள்ளியதைப் படம் பிடித்துப் போட்டார்கள். உழைப்பு என்றார்கள், மனஉறுதி என்றார்கள். சரியான கையுறை, முகமூடி கொடுத்தார்களா என்பதுதான் முதல் கேள்வியாக இருந்திருக்க வேண்டும்.

மணல்மேடு சம்மதமும் சொல்லாது, மறுக்கவும் மறுக்காது. மனிதன் மறுப்பான். மறுக்க முடிகிறவனை மணல்மேடாக நடத்துவதுதான் இதிலுள்ள அநீதி. மேட்டுக்குக்கூட ஒரு நியாயம் உண்டு என்று மேலே பார்த்தோம்: பறிகொடுத்த மணல் திரும்ப இடமும் காலமும் விட வேண்டும். அந்த நியாயம்கூடச் சேரிக்குக் கிடைத்ததில்லை. ஒரு வெள்ளத்தின் கடனை அடைக்கும் முன் அடுத்த வெள்ளம். அட்வான்ஸ் வாங்கிய குற்றத்துக்குச் செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் கொத்தடிமையாகக் கிடந்த இருளர் குடும்பங்களை இந்த மாவட்டத்திலிருந்து எத்தனை முறை மீட்டிருக்கிறார்கள்! அந்த அட்வான்ஸ் எந்த மழைக்காலத்தில் வாங்கியது, எந்தப் பட்டினிக்கு வாங்கியது என்று யாராவது கேட்டால், பேரிடர் என்பது எவ்வளவு நீளமான சங்கதி என்று புரியும்.

தாங்குவது கடமையாக வேண்டுமென்றால் அதைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். தெரிந்து ஏற்றதாக இருக்க வேண்டும். தாங்கினவன் மீண்டு எழ நேரமும் பொருளும் கிடைக்க வேண்டும். முடியாது என்று சொல்லும் உரிமையும் வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் அதற்குப் பெயர் தாங்குதிறன் இல்லை, சுமத்தல்.

7

அப்படியானால் அலையாத்தி நடுவதை எதிர்க்க வேண்டுமா? இல்லை. கழிமுகத்தைத் தூர்வாரச் சொல்ல வேண்டும், சாம்பலை அள்ளச் சொல்ல வேண்டும், மணல்மேட்டை விட்டுவைக்கச் சொல்ல வேண்டும். சென்னை மூழ்காமல் இருப்பதற்காக மட்டும் இதைக் கேட்கக் கூடாது. பள்ளத்தில் இருக்கிறவன்தான் முதலில் மூழ்குவான்; ஆகவே இந்தக் கோரிக்கை முதலில் நம்முடையது.

ஆனால் நிபந்தனையோடு கேட்க வேண்டும். சுனாமிக்குப் பிறகு கரை நெடுக அரணென்று சவுக்கு நட்டார்கள். அடும்பும் புல்லும் இருந்த மேட்டில் வரிசை வரிசையாகச் சவுக்கு. நாளை கண்டல் நடுகிறபோதும் குழி தோண்ட நம்ம பெண்களைத்தான் கூப்பிடுவார்கள். மரம் வளர்ந்தபின் வேலி வந்தால் இறால் தடவப் போகிறவள் அத்துமீறியவளாகிவிடக் கூடாது. எங்கே நடுவது, எங்கே விடுவது என்று தீர்மானிக்கிற இடத்தில் அவள் உட்கார வேண்டும். பாட்டில் எல்லாருக்கும் முறை வேண்டும்; இதை மீனவச் சகோதரர்களிடம் நாம் நேராகவே பேச வேண்டும், துறைமுகத்தை எதிர்த்துச் சேர்ந்து நிற்கிற அதே பந்தலில் பேச வேண்டும். இழப்பைப் படகாலும் பட்டாவாலும் அளக்காமல் போன வேலைநாளால் அளக்க வேண்டும். 2007 முதல் ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் இயங்குகிறது. அங்கிருந்து கிளம்பும் செய்தி மீனவக் குப்பத்து ஒலிபெருக்கியோடு நிற்காமல் உப்பளத்துக்கும் சூளைக்கும் சேரிக்கும் வந்து சேர வேண்டும். புயல் காப்பகத்தின் சாவி யார் வீட்டில் தொங்குகிறது என்பதையும் கேட்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் அடியில் நிலம். இதே செங்கல்பட்டு ஜில்லாவின் கலெக்டர் டிரெமன்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கையிலிருந்துதான் 1892இல் பஞ்சமி நிலம் வந்தது. பிறர் வாங்கக் கூடாது என்று விதி இருந்தும் அந்த நிலம் எப்படியெல்லாம் கைமாறியது என்பது நமக்குத் தெரியும். அதை மீட்கப் போய் 1994இல் காரணைப் போராட்டத்தில் இரண்டு உயிர்களைப் போலீஸ் துப்பாக்கிக்குக் கொடுத்தோம். அதனால் மணல்மேட்டையும் கழிமுகத்தையும் ஆளுக்கொரு துண்டாகப் பட்டா போட்டுக் கொடு என்று நான் கேட்க மாட்டேன். துண்டு போட்டால் ஒரு தலைமுறையில் கம்பெனி கைக்குப் போய்விடும், மேடு மேடாகவும் இருக்காது. விற்க முடியாத, ஆனால் யாரும் விரட்ட முடியாத பொது உரிமையாக, அதை நம்பிப் பிழைக்கிறவர்கள் பெயரோடு, பெண்கள் பெயரையும் சேர்த்து, கணக்கில் ஏற்ற வேண்டும்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். பொன்னேரி, கும்மிடிப்பூண்டி தாலுகா ஆபீசுக்குப் போங்கள். உங்கள் கிராமத்து ‘அ’ பதிவேட்டைக் கேட்டு வாங்குங்கள். எந்த சர்வே நம்பர் மணல்மேடு, எது கழி, எது தாங்கல் என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அந்த இடத்துக்குப் போய், விடிகாலையிலிருந்து பொழுது சாயும்வரை அங்கே யார் வருகிறார்கள், என்ன எடுக்கிறார்கள், என்ன செய்கிறார்கள், யார் அவர்களை விரட்டுகிறார்கள் என்று எழுதுங்கள். விறகு பொறுக்குகிறவள், நண்டு பிடிக்கிறவன், மாடு மேய்க்கிற பையன் எல்லாரையும் எழுதுங்கள். பதிவேட்டில் ‘புறம்போக்கு’ என்று ஒரு சொல்லால் முடித்திருக்கிற இடத்தில் உங்கள் நோட்டு எத்தனை பக்கம் போகிறது என்று பார்ப்போம். அந்த நோட்டோடு போய்த்தான் அடுத்த கருத்துக்கேட்புக் கூட்டத்தில் உட்கார வேண்டும்.